முதனூலும் கிளைநிரலும்: வழி கூறும் மரபின் வரலாறு

1. தோற்றுவாய்

தேனி மாவட்டத்தின் மேற்கே, மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஊரினின்று போடிமெட்டு வழியாக மேலேறுவோர் ஏலமலைச் சாரலை அடைவர். மலைமேல் விளையும் ஏலக்காய் கீழே இறங்கிப் போடியில் விலை பேசப்படுதல் நெடுநாளைய வழக்கம். ஏலம் என்னும் சொல்லே இவ்வூரில் விளைபொருளையும் குறிக்கும். அதனை விற்கும் முறையையும் குறிக்கும். ஆயின் இவை இரண்டும் ஒரு சொல் அல்ல. நறுமணப் பொருளைக் குறிக்கும் ஏலம் 'ஏலாதி' என்னும் நூற்பெயரிலும் பயிலும் பழைய வழக்கு. கூறி விற்றலைக் குறிக்கும் ஏலமோ போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்து திரிந்த சொல். பின்னது தான் வந்த வழியை இழந்து தமிழ்ச்சொற்போலவே நிற்றலின், அறியாதார் இரண்டனையும் ஒன்றென மயங்குவர். அம்மயக்கத்தைச் சொல்லாராய்ச்சி தீர்க்கும். நூலொன்று தான் வந்த வழியை இழப்பின் அதனை மீட்டல் அத்துணை எளிதன்று.

வழி இழத்தல் என்னும் இவ்விடர் ஏட்டு நூலுக்கும் அச்சு நூலுக்கும் மட்டும் உரியதன்று. கணினிக்கு ஆணையிட எழுதப்படும் நிரல்களுக்கும் உரியது. போடியின் மேற்கு மலையில் பொட்டிப்புரம் என்னும் சிற்றூரை அடுத்து இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைத்தற்கு 2015-ஆம் ஆண்டு சனவரியில் நடுவணரசின் அமைச்சரவை இசைவு தந்தது. 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்றை மலையின் உள்ளே நிறுவுதல் அத்திட்டத்தின் கருத்து. அதன்மேல் எழுந்த எதிர்ப்பும் வழக்குகளும் தனி வரலாறு. அவ்வரலாறு ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளன்று. ஆய்வகம் அம்மலையில் எழவில்லை. ஆயினும் அக்கருவி எவ்வாறு இயங்கும் என்பதனை முன்னரே கணித்தறிதற்குரிய நிரல்கள் எழுதப்பட்டன. அவை வெற்றிடத்தில் தோன்றியவை அல்ல. 'ஜியான்ட்-4' என்னும் பன்னாட்டு நிரல் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை. தமிழ் இலக்கணத்தார் மொழியிற் கூறின், ஜியான்ட்-4 முதனூல். போடி மலைக்கென எழுதப்பட்டது அதனை வழியாகக் கொண்ட ஆக்கம்.

பிறர் எழுதித் திறந்து வைத்த நிரலைப் பிரித்தெடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றுதலைக் கணினித் துறையார் 'ஃபோர்க்' என்பர். இக்கட்டுரையில் யாம் அதனைக் கிளைநிரல் எனக் குறிப்போம். கிளைநிரல் செய்வோர் முதலாசிரியர் பெயரையும் அவர் விதித்த உரிமத்தையும் எவ்வாறு போற்றுதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கூறும் வரலாற்றைத் தமிழ் நூன்மரபோடு ஒப்பிட்டு ஆராய்தலே எம் நோக்கம்.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்கு ஏலாதது எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தைச் சட்டமே விலக்குகின்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு 1958-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1984-இல் செய்யப்பட்ட திருத்தம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையுள் அடக்கிற்று. செய்யுளுக்கும் உரைநடைக்கும் உள்ள காப்பே நிரலுக்கும் உண்டு. இலக்கியம் எனச் சட்டம் கூறும் ஒன்றை இலக்கியத்துறையினர் ஆராய்தல் முறையேயாம்.

2. பாயிரத்துள் வழி

ஒருவர் செய்த நூலை மற்றொருவர் எடுத்து மாற்றுதலைத் தமிழ் மரபு குற்றமாகக் கருதியதில்லை. குற்றமெனக் கருதாததோடு, அதற்கு இலக்கணமும் வகுத்தது. தொல்காப்பிய மரபியல் நூலினை முதல், வழி என இருவகைப்படுத்தி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகுத்து விரித்தல், மொழிபெயர்த்தல் என நால்வகையாகப் பகுக்கும். நன்னூலார் முதல், வழி, சார்பு என மூன்றாகக் கொள்வர். முதனூலின் முடிபோடு பெரும்பான்மையும் ஒத்துப் பின்னோன் வேண்டும் வேறுபாட்டை உடையது வழிநூல். முன்னைய நூல்களோடு சிறுபான்மையே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல். வேறுபாடு செய்யும் உரிமை பின்னோனுக்கு உண்டு என்பது இவ்விலக்கணத்தால் தெளியப்படும்.

அவ்வுரிமையோடு ஒரு கடமையும் வந்தது. சிறப்புப்பாயிரம் கூறவேண்டிய பொருள்களாக நன்னூலார் எட்டினை வகுத்தனர். அவை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன. காலம், களம், காரணம் என்னும் மூன்றனைக் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என அவரே சுட்டுவர். இவற்றுள் ஆக்கியோன் பெயர் முதற்கண் நிற்க, அதன் பின்னர் உடனே நிற்பது வழி. இந்நூல் எந்நூலினின்று வந்தது என்னும் செய்தியே வழி எனப்படும். நூற்பெயர்க்கும் பொருளுக்கும் பயனுக்கும் முன்னதாக வழியை வைத்தமை கருதத்தக்கது. பாயிரம் இல்லாத நூல் எத்துணை விரிந்ததாயினும் நூல் எனப்படாது என்பதும் அவர் கொள்கை.

இனி, கட்டற்ற மென்பொருளின் கோப்பு ஒன்றைத் திறந்து நோக்குவோம். ஆணைகள் தொடங்குமுன் சில வரிகள் தலைப்பில் நிற்கும். எழுதியவர் பெயர், எழுதிய ஆண்டு, எவ்வுரிமத்தின்கீழ் இது வழங்கப்படுகின்றது என்னும் குறிப்பு, வேறொன்றினின்று எடுக்கப்பட்டதாயின் அதன் பெயர் ஆகியன அவ்வரிகளில் இருக்கும். கணினி இவ்வரிகளைப் படித்துச் செயற்படுவதில்லை. இவற்றை நீக்கினும் நிரல் முன்போலவே இயங்கும். இவை மக்கள் படித்தற்கென எழுதப்பட்டவை. பாயிரம் நூலின் உறுப்பன்றாயினும் நூலுக்கு இன்றியமையாதது என உரையாசிரியர் கொண்டாற்போல, இயக்கத்திற்கு வேண்டாத இவ்வரிகள் நிரலின் மரபுக்கு இன்றியமையாதன.

இரண்டிடையேயும் ஒரு வேறுபாடு உண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்னும் கருத்தால், சிறப்புப்பாயிரத்தை ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணாக்கரோ உரைகாரரோ செய்தல் மரபு. நிரலின் தலைப்பு வரிகளை ஆக்கியோனே எழுதுகின்றான். ஏனெனில் அவை புகழுரை அல்ல. இதனை எடுத்துக்கொள்க, மாற்றுக, பிறர்க்கு வழங்குக, ஆயின் இவ்விவற்றைச் செய்க எனக் கூறும் இசைவுரை அவை. இசைவு தரும் அதிகாரம் உடையவனே இசைவுரை எழுதுதல் கூடும்.

3. புத்தம் புத்துரையின் படிப்பினை

தமிழ் மரபு இக்கடமையை எவ்வளவிற்குப் போற்றியது, எவ்விடத்தே தளர்ந்தது என்பதனை ஒரு சான்றால் காண்போம்.

நன்னூலுக்குத் திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை ஒன்று செய்தனர். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அவ்வுரையை எடுத்துச் சில இடங்களில் திருத்தியும் சில இடங்களில் கூட்டியும் புதுக்கினர். முனிவர் மறைந்தது 1785-ஆம் ஆண்டு. அவ்வாறு புதுக்கப்பட்ட உரை 'புத்தம் புத்துரை' எனப் பெயர் பெற்றது. 1851-இல் ஆறுமுக நாவலர் இதனை அச்சிற் பதிப்பித்தார். இவ்வுரையை வழங்குவோர் சங்கரநமச்சிவாயரால் செய்யப்பட்டுச் சிவஞான முனிவரால் திருத்தப்பட்டது என இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குவர். திருத்தியவர் முன்னவரினும் புகழ் மிக்கவர். இலக்கணம், தருக்கம், சமயம் ஆகிய மூன்றினும் தலைசிறந்தவர். எனினும் அவர் புகழ் முன்னவர் பெயரை விழுங்கவில்லை. கிளைநிரல் செய்வோர் போற்றவேண்டிய முதற்கடமைக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி காண்டல் அரிது.

ஆயின் மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. உரையின் உள்ளே எத்தொடர் சங்கரநமச்சிவாயருடையது, எத்தொடர் சிவஞான முனிவருடையது என்பதைக் காட்டும் குறி இல்லை. முகப்பில் இருவர் பெயரும் உள. உள்ளே இருவர் சொல்லும் கலந்து கிடந்தன. ஒரு விதிக்குக் கூறப்பட்ட விளக்கத்தை யாருடையது என மேற்கோள் காட்டுவது? முன்னவர் கருத்தைப் பின்னவர் மறுத்த இடம் யாது? இவற்றை விருத்தியுரை ஒன்றனையே கொண்டு அறிதல் இயலாது. 1925-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சங்கரநமச்சிவாயருரையைத் தனியே பதிப்பித்த பின்னரே இரண்டனையும் ஒப்பு நோக்குதல் கற்போர்க்கு எளிதாயிற்று. பெயர் காக்கப்பட்டது, மாற்றம் குறிக்கப்படவில்லை. அக்குறையை நீக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலும் காத்திருத்தல் வேண்டிற்று.

ஆகவே பெயர் காத்தல் வேறு, மாற்றம் சுட்டல் வேறு. முன்னது ஆக்கியோனுக்குச் செய்யும் நன்றி. பின்னது கற்போனுக்குச் செய்யும் உதவி. இவ்விரண்டனையும் தனித்தனிக் கடமைகளாகப் பிரித்துணர்ந்தமையே பிற்கால நிரல் உரிமங்களின் சிறப்பு என்பதனை மேலே காண்போம்.

4. அச்சும் உரிமையும்

ஏட்டுக்காலத்தில் படியெடுத்தல் உழைப்பு மிக்க செயல். அதனை விலக்குதற்கு எவரும் முற்படவில்லை. படியெடுப்பாரைப் போற்றவே செய்தனர். படியெடுக்க இசைவு வேண்டும் என்னும் எண்ணம் அச்சின் பின்னரே வலுப்பெற்றது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டோர் பெயரும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு நூலிலும் குறிக்கப்படல் வேண்டும் என விதித்தது. 1914-இல் பதிப்புரிமைக்கெனச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றது. இன்றுள்ள நிலையில் ஆக்கியோன் வாழ்நாளும் அதன் பின்னர் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும்.

உரிமையைப் பொதுவாக்குதற்குத் தமிழகம் தந்த சிறந்த எடுத்துக்காட்டு பாரதியார் நூல்கள். 1949-இல் சென்னை அரசு அவற்றின் உரிமையைத் தான் ஏற்றது. பின்னர் அவற்றை மக்கள் உடைமையாக்கிற்று. எவரும் இசைவு பெறாது அச்சிடலாம் என்னும் நிலை உண்டாயிற்று. மலிவுப் பதிப்புகள் பெருகின. கவிஞர் சொல் சிற்றூர்தோறும் சென்றது. உடன் ஒரு தொல்லையும் வந்தது. எம்முதற்பதிப்பைத் தழுவியது என்னும் குறிப்பின்றிப் பதிப்புகள் ஒன்றினின்று ஒன்றாகப் படியெடுக்கப்படுமிடத்துப் பாடவேறுபாடுகள் மிகும். 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாரதி பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு ஒன்றனை வெளியிட நேர்ந்தமை, வழி இழந்த பாடங்களை வழிப்படுத்த வேண்டியிருந்தமையைக் காட்டும். இசைவு தேவையில்லை என்பதனால் வழி கூறலும் தேவையில்லை என்பது பெறப்படாது. இவை இரண்டும் வேறு வேறு.

சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். பொருளுரிமையைப் பிறர்க்கு விற்றுவிட்ட பின்னரும், ஆக்கியோன் தன் பெயரைக் கோரும் உரிமை அவனிடமே நிற்கும் என 57-ஆம் பிரிவு கூறும். 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஆ பிரிவு இன்னும் ஒரு படி மேற்செல்லும். ஆக்கத்தின் பெயர், ஆக்கியோன் பெயர், உரிமையாளர் பெயர், உரிமத்தின் கட்டுப்பாடுகள் முதலிய செய்திகளை அதிகாரமின்றி அறிந்தே நீக்குதலும் மாற்றுதலும் ஈராண்டு வரை சிறைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றம் என அது விதிக்கின்றது. நிரலின் தலைப்பு வரிகள் இவ்வகைச் செய்திகளே என்பது வெளிப்படை.

5. பெர்க்கிலி நிரலின் வழக்கு

இனி, மேனாட்டில் நிகழ்ந்த வரலாற்றை நோக்குவோம். 1969-இல் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயக்கத் தொகுதி தோன்றியது. ஏ.டி. அண்டு டி. நிறுவனம் அதனைப் பல்கலைக்கழகங்களுக்கு உரிமத்தின்பேரில் தந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி நகரத்தார் அதனைப் பெற்றுத் திருத்தியும் கூட்டியும் 1978 முதல் 'பி.எஸ்.டி.' என்னும் பெயரால் வழங்கினர். கொடுத்தவரும் கொண்டவரும் ஒருவர் நிரலை ஒருவர் எடுத்தாண்டனர். சங்கரநமச்சிவாயர் உரையிற் கண்ட கலப்பு ஈண்டும் நேர்ந்தது; ஆயின் அளவு பெரிது.

1989-இலும் 1991-இலும் பெர்க்கிலியார் தாம் எழுதியனவற்றைத் தனியே பிரித்து எவரும் கொள்ளலாம் என வெளியிட்டனர். 1992-இல் ஏ.டி. அண்டு டி. சார்பான யூனிக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கின் போக்கில் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. முதலாவது, வழக்குத் தொடுத்தோரே தம் பழைய பதிப்பொன்றைப் பதிப்புரிமைக் குறிப்பின்றி வழங்கியிருந்தனர். அமெரிக்கா 1989-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பெர்ன் உடன்படிக்கையிற் சேரும்வரை, குறிப்பின்றி வெளியிடுதல் அந்நாட்டில் உரிமையையே இழக்கச் செய்யக்கூடியது. அதனால் அப்பதிப்பின்மேல் அவர்க்குள்ள உரிமை ஐயத்துக்குரியது எனக் கருதிய நீதிபதி, 1993-இல் தடையாணை தர மறுத்தார். இரண்டாவது, பெர்க்கிலியார் நிரலைத் தம் பதிப்பில் எடுத்தாண்டபோது அந்நிறுவனத்தார் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கூறவில்லை எனப் பல்கலைக்கழகம் எதிர்வழக்குத் தொடுத்தது.

1994-இன் தொடக்கத்தில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் மூன்று மட்டுமே நீக்கப்பட்டன. 70 அளவிலான கோப்புகளில் யூனிக்ஸ் நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழகம் இசைந்தது; அக்கோப்புகளும் எவரும் எடுத்தாளத் திறந்தே இருந்தன. ஈராண்டுப் பூசலின் முடிவில் பெரும்பாலும் நிகழ்ந்தது தலைப்பிற் சில வரிகளைச் சேர்த்ததே. தொடக்கத்திலேயே அவ்வரிகளை இருவரும் போற்றியிருப்பின் பூசலின் பெரும்பகுதி எழாதிருக்கும் என்னலாம்.

பெயர் கூறல் அளவிறந்து செல்லுதலும் உண்டு. பழைய பி.எஸ்.டி. உரிமம், விளம்பரங்களிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறித்தல் வேண்டும் எனக் கேட்டது. பின்னர் நிரல் கூட்டியோர் பலரும் தத்தம் பெயரை அவ்வாறே வேண்டினர். 1997-ஆம் ஆண்டு நெட்பி.எஸ்.டி. என்னும் கிளையில் அத்தகைய தொடர்கள் 75 இருந்தன என ரிச்சர்டு ஸ்டால்மன் கணக்கிட்டுக் காட்டினார். 1999-இல் பல்கலைக்கழகம் அவ்விளம்பர விதியைக் கைவிட்டது. கோப்பின் தலைப்பிற் பெயர் நிற்றல் மட்டும் எஞ்சியது. பாயிரம் நூலினும் பெரிதாதல் கூடாது என்பது இதனாற் பெறப்படும்.

6. உரிமங்கள் விதிக்கும் கடமைகள்

1983-இல் ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதன் பொது உரிமமாகிய ஜி.பி.எல். வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991-இலும் மூன்றாம் பதிப்பு 2007-இலும் வந்தன. இவ்வுரிமமும் எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி முதலிய பிறவும் விதிக்கும் கடமைகளை மூன்றாக அடக்கலாம்.

முதலாவது பெயர் காத்தல். முன்னோர் குறிப்பை நீக்கலாகாது, மாற்றலாகாது. எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருங்கியது. எனினும், பதிப்புரிமைக் குறிப்பும் இசைவுரையும் எல்லாப் படிகளிலும் நிரலின் பெரும்பகுதிகளிலும் இருத்தல் வேண்டும் என்னும் ஒன்றை மட்டும் விடாது. கிளைநிரல் செய்தவன் தான் புதிதாக எழுதியதற்குத் தன் பெயரையும் ஆண்டையும் முன்னோர் வரிக்குக் கீழே சேர்த்துக்கொள்ளலாம். மேலுள்ள வரியை அழித்து அவ்விடத்தே தன் பெயரை எழுதல் களவு. பணிமுறையில் எழுதப்பட்டதாயின், வேறு ஒப்பந்தம் இல்லாதவழி, முதலுரிமை பணிகொடுத்தோருடையது ஆதலின், குறிப்பும் அவர் பெயராலேயே நிற்கும்.

இரண்டாவது மாற்றம் சுட்டல். மாற்றிய கோப்புகளில் மாற்றினமையையும் மாற்றிய நாளையும் தெளிவாகக் குறிக்க என ஜி.பி.எல்லின் இரண்டாம் பதிப்பு விதித்தது. மூன்றாம் பதிப்பு இதனை நூல் முழுமைக்கும் உரிய குறிப்பாகத் தளர்த்திற்று. 2004-இல் வந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் மாற்றிய கோப்பில் மாற்றம் குறிக்கப்படல் வேண்டும் என்கின்றது. புத்தம் புத்துரையில் நாம் கண்ட குறையை நீக்குவது இவ்விதியே.

மூன்றாவது இசைவைத் தொடர்தல். இதில் உரிமங்கள் தம்முள் வேறுபடும். எம்.ஐ.டி. உரிமத்தில் வந்த நிரலை ஜி.பி.எல். நிரலோடு சேர்த்து வழங்கலாம். சேர்த்த பின்னரும் எம்.ஐ.டி. குறிப்பு தன் பகுதியில் நிற்றல் வேண்டும். ஜி.பி.எல். நிரலை எடுத்து எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வழங்கலோ, மூலத்தை மறைத்து வழங்கலோ கூடாது. தான் பெற்ற உரிமையைப் பிறர்க்கு மறுத்தல் ஆகாது என்பதே அதன் உட்கருத்து. பிறர் எழுதியதன் உரிமத்தை மாற்றும் அதிகாரம் அதனை எழுதியவர்க்கே உண்டு, எடுத்தவர்க்கு இல்லை.

உரிம வாசகத்தைத் தமிழிற் பெயர்த்து வைத்தல் கற்போர்க்கு நலம். ஆயின் மூல வாசகத்தை நீக்கி மொழிபெயர்ப்பை மட்டும் வைத்தல் கூடாது. சட்டத்தின் முன் நிற்பது மூல வாசகமே.

இக்கடமைகளை மீறினால் வருவது யாது என்னும் வினாவிற்கு 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று விடை தந்தது. ராபர்ட் ஜேக்கப்சன் பெர்க்கிலியில் துகளியற்பியல் கற்பிக்கும் பேராசிரியர். பொம்மைத் தொடர்வண்டிகளை இயக்கும் நிரல் ஒன்றைப் பலருடன் சேர்ந்து எழுதி இலவசமாக வழங்கினார். வணிகர் ஒருவர் அதன் கோப்புகளை எடுத்துத் தம் விற்பனைப் பொருளிற் சேர்த்தார். எழுதியோர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமக் கோப்பின் சுட்டு, மூலம் கிடைக்குமிடம், செய்த மாற்றங்களின் விவரம் ஆகிய ஐந்தும் அங்கே இல்லை. பணம் பெறாது வழங்கியதற்கு இழப்பு யாது என்னும் ஐயத்தைக் கடந்து, மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பெயர் கூறலும் மாற்றம் சுட்டலும் இசைவின் கட்டுப்பாடுகள். அவற்றை மீறினோர் இசைவின் எல்லைக்கு வெளியே நிற்பர். அவர்மேல் பதிப்புரிமை வழக்கே செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். 2010-இல் 1,00,000 டாலர் தருவதற்கு இசைந்து வழக்கு முடிந்தது. இலவசம் என்பது விலையின்மையே அன்றிக் கட்டின்மை அன்று என்பது இவ்வழக்கால் நிலைபெற்றது.

7. மலைச்சாரலில் இருவகை ஆக்கங்கள்

மீண்டும் போடி மலைக்கு வருவோம். முற்கூறிய ஜியான்ட்-4 தொகுதி 1998-ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதல் வெளிவந்தது. அதற்கு முன்னர்ப் ஃபோர்ட்ரான் மொழியில் வழங்கிய ஜியான்ட்-3 என்பதன் வழித்தோன்றல் அது. 2006-இல் அதற்கெனத் தனி உரிமம் வகுக்கப்பட்டது. அதுமுதல் கோப்புதோறும் தலைப்பில் உரிமக் குறிப்பு நிற்கின்றது. எடுத்து வழங்குவோர் குறிப்பைக் காத்தலும், ஜியான்ட்-4 கூட்டுழைப்பினர் எழுதிய நிரல் இதில் உண்டு என ஒப்புதல் கூறுதலும் வேண்டும்.

பொட்டிப்புரத்து மலைக்கென எண்ணப்பட்ட கருவியின் 151 இரும்பு அடுக்குகளும் அவற்றினிடையே நிற்கும் துகள் உணர்கருவிகளும் இந்நிரலின் துணையால் எண்ணுருவில் அமைக்கப்பட்டன. மலையின் உள்ளே எழாத கருவி நிரலின் உள்ளே எழுந்தது. 85 டன் அளவினதாகிய சிறு மாதிரி ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டது. அதன் அளவீடுகளைக் கணிப்போடு ஒப்பிடுவார்க்கு, எக்கணிப்பு எந்நிரலின் எப்பதிப்பால் வந்தது என்பது தெரிந்தாலன்றி ஒப்பீடு பயன்படாது. பெயர் காத்தலும் மாற்றம் சுட்டலும் அறவொழுக்கம் மட்டும் அல்ல. அறிவியலின் உறுதிப்பாடும் அவற்றைச் சார்ந்தது என்பது இதனாற் பெறப்பட்டது.

அம்மலைத்தொடரில் நிரலினும் பழைய கிளைத்தல் ஒன்று உண்டு. ஏலச்செடியைப் பக்கக் கன்று பிரித்து நட்டால் தாய்ச்செடியின் இயல்பு மாறாது வரும். கட்டப்பனைப் பகுதியைச் சார்ந்த உழவர் செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்திற் சிறந்த செடிகளைத் தேர்ந்து பெருக்கிய வகை ஏலமலை எங்கும் பரவிற்று. 'ஞள்ளானி' என்னும் அவர் குடும்பப் பெயரே வகையின் பெயராக நின்றது. கன்று தோட்டம் மாறியபோதும் பெயர் உடன் சென்றது. செடி தன் பாயிரத்தைத் தானே சுமந்தது எனலாம். 2001-ஆம் ஆண்டுப் பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஒரு வகையினின்று பெறப்பட்ட வழிவகையை வேறாக அறிந்து விதி வகுக்கின்றது. காக்கப்பட்ட வகையின் விதையை உழவர் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் இசைகின்றது. வணிகப் பெயரிட்டு விற்றலை மட்டும் விலக்குகின்றது. எழுத்துருக்களுக்கு வழங்கும் திறந்த எழுத்துரு உரிமமும் இதனை ஒத்தது. எழுத்துருவை எவரும் மாற்றலாம். ஆக்கியோர் தமக்கென ஒதுக்கிய பெயரை மாற்றிய வடிவுக்கு இடலாகாது. முன்னோன் பெயரை மறைத்தல் ஒரு தவறு. தன் மாற்றத்தை முன்னோன் பெயரால் வழங்குதல் மற்றொரு தவறு. முன்னது அவன் உழைப்பைக் கவர்வது. பின்னது தன் பிழையை அவன்மேல் ஏற்றுவது.

8. முடிபு

இவ்வரலாறு தமிழ்த்துறையினர்க்கு அண்மையில் உள்ளது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் எவர்க்கும் இலவசமாக வழங்குகின்றது. அதன் கோப்புகளின் முகப்பில் தட்டெழுதியோர், மெய்ப்பு நோக்கியோர் முதலியோர் பெயர்கள் நிற்கும். இம்முகப்பைச் சிதையாது வைத்து எவரும் இக்கோப்பைப் பரப்பலாம் என்பது அதன் இசைவுரை. முகப்பை நீக்கிப் பாடலை மட்டும் எடுத்துத் தம் தொகுப்பிற் சேர்ப்பவர், ஊதியமின்றி உழைத்தோர் பெயரை இழக்கச் செய்வதோடு, அப்பாடம் வந்த வழியையும் அறுத்துவிடுகின்றனர். சொல்லடைவும் தரவகமும் சொற்பிழை திருத்தியும் அத்தகைய வழியறியாப் பாடங்களின்மேல் எழுப்பப்படின், ஒரு சொல் புலவருடையதா, பதிப்பித்தவர் திருத்தமா, தட்டெழுதியவர் பிழையா எனத் துணிதல் இயலாது. ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர்கள் தாம் கண்ட ஏடுகளையும் தந்தோர் பெயரையும் முகவுரையில் விடாது குறித்தமை இதன்பொருட்டே.

எனவே, நிரலையோ மின்பாடத்தையோ எடுத்து மாற்றுவோர் செய்யத்தக்கன சிலவே. முன்னோர் குறிப்பை நின்றவாறே நிறுத்துக. உரிமக் கோப்பை உடன் வைக்க. எங்கிருந்து எப்பதிப்பை எடுத்தோம் என எழுதுக. எதனை எப்பொழுது மாற்றினோம் எனச் சுட்டுக. புதியதற்கு மட்டும் தம் பெயரை இடுக. பல உரிமங்கள் கலப்பின் அவை தம்முள் இயையுமா என ஆராய்ந்த பின்னரே வெளியிடுக.

வழிநூல் செய்தல் இழிவு எனத் தமிழ் மரபு கருதவில்லை. தொல்காப்பியத்தைப் பின்பற்றிய நன்னூலும், முன்னவர் உரையைத் திருத்திய புத்தம் புத்துரையும் சிறப்புற்றே வாழ்கின்றன. அம்மரபு ஆக்கியோன் பெயரைத் திறம்படக் காத்தது. மாற்றம் சுட்டுதலில் தளர்ந்தது. இசைவு பற்றி வாய்திறவாது சென்றது. கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் இம்மூன்றனையும் ஓரிடத்தே கூட்டி விதியாக்கின. பாயிரத்துள் வழி என்னும் ஒரு சொல்லால் முன்னோர் வேண்டியதை, இன்று கோப்பின் தலைப்பிற் சில வரிகளால் நாம் நிறைவேற்றுதல் கூடும். அவ்வரிகளைக் காத்தல் பிற்காலப் பதிப்பாசிரியர்க்கு இக்காலத்தார் செய்யத்தக்க கடன் என்க.